ஆறாவது புள்ளி

வீட்டில் பெரியவர்கள் இருமினால் திரும்பிப் பார்க்கிறோம். கணினி இருமினால் விசிறியைத்தான் குறை சொல்லுகிறோம். சென்ற பிப்ரவரியில் என் மடிக்கணினியிலிருந்து 'டிக், டிக்' என்று ஒலி கேட்கத் தொடங்கியபோது நானும் அப்படியே செய்தேன். டில்லிக் குளிர் அதற்கும் பிடித்துக்கொண்டது என்று அறை நண்பனிடம் வேடிக்கை வேறு பேசினேன். மூன்றாம் நாள் ஒரு கோப்பைத் திறக்க நான்கு நிமிடம் ஆயிற்று. ஐந்தாம் நாள் திரை நீலமாகி நின்றுவிட்டது.

அந்தப் பெட்டி என் அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. நான் எம்.எஸ்ஸி. படிக்கக் கோவில்பட்டியில் ரயிலேறியபோது, "இனிமே இது உனக்குத்தாண்டா வேணும்" என்று என் பையில் வைத்தாள். ஆனால் பெட்டியை எண்ணி நான் கலங்கவில்லை. உள்ளே இருந்ததை எண்ணித்தான் கலங்கினேன்.

ஒரு சிறு பீங்கான் வில்லையைத் திரவ நைட்ரஜனால் குளிரவைத்து, 80 கெல்வின் முதல் 300 கெல்வின் வரை இருபது இருபதாக ஏற்றி, பன்னிரண்டு வெப்பநிலைகளில் அதன் மின்காப்புத் தன்மையை அளந்திருந்தேன். கடைசி அளவு முடிந்து கழற்றும்போது வில்லை என் கையிலேயே இரண்டாக உடைந்தது. அன்று அதற்காக வருந்தவில்லை. அளவுகள்தாம் கையில் இருக்கின்றனவே! ஆய்வுக்கூடத்துக் கணினியிலோ பழைய கோப்புகளை மாதக் கடைசியில் துடைத்துவிடுவார்கள். சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது. ஆகவே, இன்னொரு படி எடுத்து வைக்காத குற்றம் முழுவதும் என்னுடையதே.

பெட்டியை நான்கு முறை அணைத்து அணைத்து ஏற்றினேன். பிறகு விண்டோஸிலேயே உள்ள பழுதுபார்க்கும் நிரலை ஓட்டத் தொடங்கினேன். அப்போதுதான் எதிர் அறையில் இருக்கும் மதுரை அண்ணன் வந்தார். நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு அழுபவர் அவரே.

"என்ன தம்பி இது? மூச்சு வாங்குற நோயாளியை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புறியா? முதல்ல அணை!"

ஹார்ட் டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலுகிறது. அதைப் படிக்கும் தலை, தட்டின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அந்த இடைவெளி தவறினால், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் கீறல் பெருகலாம். பழுதுபார்க்கும் நிரலோ அந்தத் தட்டின்மீதே எழுதவும் செய்யும். தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஒரு கணக்கு உண்டு. 'ஸ்மார்ட்' என்று பெயர். அண்ணன் அதைத் திறந்து காட்டினார். 197-ஆம் வரிசையில், படிக்க முடியாமல் காத்திருக்கும் கட்டங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. அது எத்தனை நாளாக எழுதி வைத்திருந்ததோ, பார்க்கத்தான் ஆளில்லை.

கோப்புகளை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்டேன். போதாது. அளவுகளை ஆராயும் மென்பொருளை, படித்து முடித்துப் போய்விட்ட ஒரு மாணவர் எப்போதோ நிறுவித் தந்திருந்தார். மறுபடி நிறுவ யாரிடமும் எதுவுமில்லை. கோப்பைப் பெயர்த்து எடுத்துவரலாம். நிறுவிய மென்பொருளை அப்படி எடுத்துவர முடியாது. ஆகவே தட்டை முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை அப்படியே படியெடுக்க வேண்டும்.

மறுநாள் மெட்ரோவில் நேரு பிளேஸ் சென்றேன். கடைக்காரர் நல்ல விலைக்கு 480 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை நீட்டினார். 500 ஜிபி தட்டின் படி அதற்குள் அடங்காது என்று அண்ணன் முன்பே எச்சரித்திருந்தார். 512 வாங்கினேன். அந்த மாதம் மாலைத் தேநீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க், ஐம்பது தட்டுகளில் ஐம்பது இலட்சம் எழுத்துகளைக் கொண்டதாம். நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பியது அதைப்போல இலட்சம் மடங்கு.

லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியை ஏற்றினோம். பழைய தட்டின்மேல் ஒரு புள்ளிகூட எழுதப்படக் கூடாதல்லவா? புதியதை யூ.எஸ்.பி. கம்பியில் மாட்டி, 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச நிரலை ஓட்டினோம். அதன் குணம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. தாண்டிப் போய், நல்ல இடங்களை எல்லாம் முதலில் வாரிக்கொள்கிறது. பிறகே திரும்பி வந்து, விட்ட இடங்களை ஓரம் ஓரமாகச் சுரண்டுகிறது. எதை எடுத்தேன், எதை எடுக்கவில்லை என்று ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டே போகிறது. மின்சாரம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு ஐந்து மணி நேரத்தில் வந்தது. மிச்சத்துக்கு இரண்டு இரவுகள். மேசை விசிறியைத் தட்டின் பக்கம் திருப்பிவிட்டு, ஒவ்வொரு 'டிக்'கையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறுதியில் வராமலே போனவை 49,152 பைட்டுகள். 4,096 பைட்டுக் கட்டங்கள் பன்னிரண்டு. புதிய தட்டை உள்ளே மாட்டி ஏற்றினால், விண்டோஸ் ஒன்றும் நடவாதது போல் எழுந்தது. மென்பொருளும் திறந்தது. அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

வராத கட்டங்களின் இடத்தில் ஓர் அடையாளச் சொல்லை எழுதி, அது எந்தெந்தக் கோப்பில் இருக்கிறதென்று தேடினோம். பத்துக் கட்டங்கள் வெற்றிடத்தில். ஒன்று ஒரு சினிமாப் பாட்டில். இப்போதும் பாடுகிறது, நடுவில் ஒரு விக்கலோடு. பன்னிரண்டாவது, என் 180 கெல்வின் அளவு. ஒரே கட்டத்தில் அடங்கிய சின்னக் கோப்பு, முழுவதும் போய்விட்டது.

"160-க்கும் 200-க்கும் நடுவிலே ஒரு புள்ளி வை. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் அறை நண்பன். கெட்டவனல்ல, என்மேல் இரக்கம். கோடு வழவழப்பாகத்தான் வரும். ஆனால் அந்த இடத்தில் ஒரு சிறு மேடு இருந்ததாக எனக்கு நினைவு. அளந்த அன்று அதைப் பார்த்து, என்னவென்று பிறகு யோசிக்கலாம் என எழுந்து சாப்பிடப் போனேன். சராசரி எடுத்தால் மேடு போய்விடும். நினைவிலிருந்து வரைந்தால் அது என் மேடு, வில்லையினுடையது அன்று. அன்றிரவு இரண்டு விதமாகவும் வரைந்து பார்த்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டும் அழகாகவே இருந்தன.

காலையில் பதினொரு புள்ளிகளோடு பேராசிரியரிடம் போனேன். அவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"180 எங்கே?"

சொன்னேன். மேட்டையும் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்து, அந்த இடைவெளிக்கு நேராக ஓரத்தில் 'அளவு தொலைந்தது' என்று ஆங்கிலத்தில் எழுதி, "புது வில்லை செய்ய எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார்.