தலைக்கணக்கும் வகுப்புக் கணக்கும்

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

நம்மூர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நீ சேர்ந்திருப்பதாக அம்மாதான் போனில் சொன்னாள். "58 பிள்ளைக்கு ரெண்டு டீச்சர் இருக்காங்க, போதும்தானே?" என்று கேட்டாயாம். அதற்குத்தான் எழுதுகிறேன்.

சட்டப்படி சரிதான், ஆனால் போதாது தம்பி. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்குத் தலையை எண்ணித்தான் ஆசிரியர் தருகிறது. 60 பிள்ளைகள் வரை 2 பேர், 61 முதல் 90 வரை 3 பேர். ஆனால் அதே சட்டம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு, வகுப்புக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது. அரிச்சுவடி தொடங்கும் பிள்ளைக்கு அந்த உறுதி கிடையாது. இதில் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை.

ஒருநாள் காலையில் போய் வகுப்பறையில் உட்கார்ந்து பார். ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு எல்லாம் ஒரே அறையில் இருக்கும். டீச்சர் ஒரு பையனின் கையைப் பிடித்து 'அ'வுக்குச் சுழி போட வைத்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்புப் பெண் 52-இல் 27 போக 35 என்று எழுதியிருப்பாள். கடன் வாங்கத் தெரியாமல், எந்த இலக்கம் பெரிதோ அதிலிருந்து சிறியதைக் கழித்திருப்பாள். டீச்சர் அவளிடம் வந்து சேர்வதற்குள் அதே தப்போடு பலகை நிறையக் கணக்குப் போட்டு முடித்துவிடுவாள். இன்னொருவர் தலைமை ஆசிரியர். எமிஸ் இணையதளப் பதிவு, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம் என்று அவர் போகிற நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். காகிதத்தில் மட்டும் ஒருவருக்கு 29 பிள்ளைகள்.

இதைப் பார்த்துத்தான் பெற்றோர் தனியார் பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் இருக்கிற ஆசிரியரும் 'உபரி' ஆகிவிடுவார், பணி நிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். அதைக் கண்டு இன்னும் நாலு பிள்ளைகள் போவார்கள்.

நிதி இல்லை என்பார்கள். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-க்கான சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொள்கைச் சண்டைக்குப் பிள்ளைகளின் பணத்தைப் பிணையாக வைப்பது அநியாயம். அதே சமயம், ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் என்று ஆணை போட மாநில அரசை யாரும் தடுக்கவில்லை. சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான்.

இப்போது உன் வேலை. ஆகஸ்ட் 1 அன்று உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிப்பார்கள். இன்னும் மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் 61, மூன்றாவது ஆசிரியரை உரிமையோடு கேட்கலாம். ஐந்து வயது முடிந்தும் அங்கன்வாடியிலேயே இருக்கிற பிள்ளைகளின் வீட்டுக்கு இந்த வாரமே போ. ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் கொண்டு வா. 'ஆசிரியர் வேண்டும்' என்று பொதுவாக எழுதாதே. எந்தெந்த வகுப்பு ஒரே அறையில் உட்காருகிறது என்று எழுதி, வகுப்புக்கு ஒருவர் வேண்டும் என்று கேள். நகல் வாங்கி எனக்கு ஒன்று அனுப்பு.

அன்புடன்,
அக்கா