தையலும் தைலமும்

உடலின் சில இடங்களைப் பற்றிக் கூச்சமின்றிப் பேச வேண்டுமென்றால் மருத்துவரிடம் போக வேண்டும். அல்லது திருப்பூருக்கு வர வேண்டும். உள்ளாடை தைத்து உலகுக்கு அனுப்பும் இவ்வூரில், எந்தத் தையல் எங்கே உறுத்தும் என்பது தொழிற்பேச்சு. தேநீர்க் கடையிலும் அதைக் குரல் தாழ்த்தாமல் சொல்வார்கள். நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டும் எங்களுக்கு இந்த வெளிப்படை பேருதவியாக இருந்தது.

200 கிலோமீட்டர் 'பிரெவே' பயணத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், இன்று 1200 கிலோமீட்டர் பயணம். உச்ச வரம்பு 90 மணி. இத்தகைய பயணங்களைப் பாதியில் விடுபவர்கள் எல்லோரும் கால் ஓய்ந்து விடுவதில்லை. தொடையிடுக்கில் தோலுரிந்து, அதைச் சொல்லக் கூசி, முழங்கால் வலி என்று முடித்துக்கொள்பவர்களும் உண்டு. சொல்லாத வலிக்கு விளம்பரம் பார்த்துத்தான் மருந்து வாங்க நேர்கிறது.

அம்மருந்தின் பெயர் ஷாமி கிரீம். ஷாமி என்பது ஐரோப்பிய மலைகளில் வாழும் ஆட்டின விலங்கு. நம் வரையாட்டுக்குத் தூரத்து உறவு. அதன் தோலை மிதிவண்டிக் கால்சட்டையின் உட்புறம் வைத்துத் தைத்த காலம் ஒன்றுண்டு. துவைத்துக் காய்ந்ததும் தோல் விறைத்துப்போகும். அதை இளக்கவே களிம்பு பூசினார்கள். இன்று தோலின் இடத்தில் செயற்கை மெத்தை. களிம்பு மட்டும் மனிதத் தோலுக்கு இடம் மாறிவிட்டது.

பல்லடம், உடுமலைச் சாலைகளின் வெயிலில் எங்கள் தேர்வு எளியது. மெந்தால் குளிரும், உரிந்த தோலில் பட்டால் எரியும். பெட்ரோலியம் ஜெல்லி நெடுநேரம் நிற்கும். ஆனால் மெத்தையில் ஒட்டிக்கொண்டு துவைத்தாலும் எளிதில் போகாது. தேங்காயெண்ணெய் குறுந்தொலைவுக்குப் போதும். பவுடர் வியர்வையில் கட்டிதட்டும். ஆகவே மெந்தாலும் வாசனையும் இல்லாத, கழுவினால் போய்விடும் களிம்பையே வைத்துக்கொண்டோம். முன்கையில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகே பயன்படுத்துவது, நெடும்பயணத்தில் இடையில் மறுபடி பூசுவது என்பவை எங்கள் வழக்கம்.

ஆயினும் களிம்பு இரண்டாம் இடத்துக்குரியதே என்பதைச் சொன்னவர் ஒரு பவர்டேபிள் தையல்காரர். எங்களோடு புதிதாகச் சேர்ந்த நண்பரின் கால்சட்டையைப் புரட்டி, கட்டைவிரலால் தையலை நெடுக வருடினார்.

"ஓவர்லாக் அடிச்சிருக்காங்க. நாள் பூரா இந்த வரப்பு மேலதான் உக்காந்திருக்கீங்க. பேட்லாக் அடிச்சா படிஞ்சு கெடக்குமுங்க. இதுக்குள்ள ஜட்டி வேற போடறீங்களா? நாங்க தைக்கறது இந்த வேலைக்கில்லீங்க."

உண்மைதான். மெத்தை வைத்த கால்சட்டைக்குள் உள்ளாடை அணிந்தால் இன்னொரு தையலும், வியர்வையைத் தேக்கும் பருத்தியும் தோலை அறுக்கும். எந்தக் களிம்பும் அந்த வரப்பைச் சமன் செய்யாது.

விடைபெறும் நேரத்தில் அவர் குரலைத் தாழ்த்தினார். ஸ்டூலில் உட்கார்ந்தே பொழுது போகிறவர்களுக்கும் அந்தக் களிம்பு ஆகுமா என்று கேட்டார். தையலைப் பற்றி ஊரறியப் பேசியவர், தம் புண்ணைப் பற்றி அன்றுதான் வாய் திறந்தார். கையிலிருந்த குழாயைக் கொடுத்தோம். தோல் கிழிந்திருந்தாலோ, கட்டியோ சீழோ இருந்தாலோ இதைப் பூசாமல் மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். அவர் தலையசைத்தார், ஷிப்டு முடிந்துதான் போக முடியும் என்றார்.