ஜெயித்தவனுக்குப் பதவி இறக்கம்

2019 மார்ச் 9, சனிக்கிழமை. மதுரையிலிருந்து கோவையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் என்னை நேரு ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். ஐ-லீக்கின் கடைசி நாள். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டுவிட்டது. "போச்சு தாத்தா" என்றான். பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்ய, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. சென்னை சிட்டி 43 புள்ளிகளோடு சாம்பியன். ஈஸ்ட் பெங்கால் 42.

அடுத்த சீசனிலேயே ஐ.எஸ்.எல். முதல் லீக் என்றாகிவிட்டது. ஐ-லீக் இரண்டாம் படி. குமாஸ்தாவாக இருந்தவன் நான், எனக்கு இது விளங்கவேயில்லை. தவறு செய்தவனைக் கீழே இறக்கிப் பார்த்திருக்கிறேன். பரீட்சையில் முதலாவதாக வந்தவனை இறக்கிப் பார்த்ததில்லை. ஒரு புள்ளி பின்தங்கிய ஈஸ்ட் பெங்கால், முதலீட்டாளர் கிடைத்ததும் 2020-ல் ஐ.எஸ்.எல்.லுக்குள் போனது. 2021-22-ல் கடைசி இடம். இறக்கினார்களா? இல்லை. அதே சீசன் ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் எங்கள் வாத்தியாருக்கு சாந்த்-எத்தியேன் அணி என்றால் உயிர். பத்து முறை பிரான்ஸ் சாம்பியன். அந்த அணியையே 2022-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கினார்கள். 2024-ல் ஏறியது, 2025-ல் மறுபடி இறங்கியது. யாரும் பெயரைப் பார்க்கவில்லை.

இங்கே மேலே போகும் கதவை மட்டும் திறந்தார்கள். ஐ-லீக்கில் ஜெயித்து 2023-ல் பஞ்சாப், 2024-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறின. முகமதன் ஏறிய முதல் சீசனிலேயே கடைசி, அப்போதும் இறக்கவில்லை. பணம் கட்டி வந்தவர்களைக் கீழே தள்ளினால் அடுத்து எவன் பணம் போடுவான் என்பது முதலாளிகளின் கணக்கு. அமெரிக்காவிலும் இதே கணக்குதான்: எம்.எல்.எஸ்.ஸில் இடம் பிடிக்க சான் டியாகோ கொடுத்தது 50 கோடி டாலர். அந்தப் பயம் நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய அணிக்கு மூன்று வருடம் வரை உதவித்தொகை தருகிறார்கள். ரிட்டயரானவனுக்குப் பென்ஷன் மாதிரி. அதை இங்கேயும் செய்யலாமே.

பேரன் இப்போது கல்லூரியில். அன்று வாங்கிய சென்னை சிட்டி பனியன் மகள் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது.