சில்லறைக் கணக்கு

உடம்பு ஏறாமல் இருக்க என்ன செய்யணும் என்று கேட்டால் எங்கள் வகுப்பில் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஒருத்தன் காலையில் வெந்நீரில் தேன் என்கிறான். ஒருத்தி ராத்திரி சாப்பிடாதே என்கிறாள். கடைசி பெஞ்ச் கோஷ்டி ஜிம்மில் சேரச் சொல்கிறது. நானும் சேர்ந்தேன். மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டுப் பதினோரு நாள் போனேன். ஒரு நாளைக்கு எவ்வளவு விழுந்தது என்று, பி.காம். படித்தும், இன்றுவரை கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால் வயிறு எரியும். எரிந்தாலாவது கலோரி குறையுமா என்றால் அதுவும் இல்லை.

சரி, மொக்கை போதும். நான் சொல்ல வந்தது ஜிம் கதை இல்லை. என் அப்பாவின் காக்கி பேன்ட் கதை.

அப்பா ஈரோட்டில் தனியார் டவுன் பஸ்ஸில் 22 வருடம் கண்டக்டராக இருந்தார். அவர் ஒரு நாளும் உடற்பயிற்சி செய்து நான் பார்த்ததில்லை. டயட் என்ற வார்த்தையே அவருக்குத் தெரியாது. பரோட்டா சாப்பிடுவார். ஒரு நாளைக்கு ஆறு டீ, எல்லாவற்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அப்படியும் ஆள் கம்பி மாதிரி இருப்பார். "எங்க பரம்பரையே அப்படித்தான் சாமி" என்று பெருமை வேறு.

கொரோனாவில் பஸ் ஓடாமல் நின்றது. 2021 கடைசியில் சொந்தக்காரர் ஒருவரின் ஹார்டுவேர் கடையில் பில் போடும் வேலைக்குப் போனார். ஃபேன் காற்று, நாற்காலி, மாதச் சம்பளம். "இனிமேலாவது கால் வலிக்காம இருங்க" என்று அம்மா சந்தோஷப்பட்டார். நானும்தான்.

2024 போகிக்கு வீட்டை ஒழித்தபோது பரணில் இருந்து பழைய காக்கி பேன்ட் கிடைத்தது. சும்மா விளையாட்டுக்கு, "போட்டுக் காட்டுங்கப்பா" என்றேன். போட்டார். பட்டனுக்கும் அதன் ஓட்டைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பேன்ட்டை மடித்து மறுபடி பரணிலேயே போட்டுவிட்டார்.

அடுத்த மாதம் காலில் ஒரு சின்னக் காயம். ஆறவே இல்லை. டெஸ்ட் எடுத்தால் சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4. எடை கண்டக்டர் காலத்தை விட 11 கிலோ அதிகம்.

வீட்டில் எல்லோரும் அரிசியைத் திட்டினோம். அப்புறம் பரோட்டாவைத் திட்டினோம். ஆனால் எனக்கு ஒரு விஷயம் இடித்தது. சாப்பாடு மாறவே இல்லையே! அதே பரோட்டா, அதே ஆறு டீ. வரவுப் பக்கம் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் செலவுப் பக்கத்தில்தான் ஏதோ காணாமல் போயிருக்கிறது.

ஒரு நாள் அவரை உட்கார வைத்து விசாரித்தேன். ஒரு நாளைக்கு எத்தனை நடை? பத்து. ஒரு நடைக்கு எத்தனை ஸ்டாப்? சுமார் 25. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி, ஆள் ஏற்றி, விசில் கொடுத்து ஏறணும். ஆக 250 முறை. படி மூன்று. தினமும் 750 படி ஏறியிருக்கிறார்! இது போக கூட்டத்துக்குள் முன்னும் பின்னும் நடந்தது, பத்து மணி நேரம் நின்றது எல்லாம் தனி. அவருக்கே அது தெரியாது. "அது வேலை சாமி, அதைப் போயி எண்ணிட்டு இருப்பாங்களா" என்றார்.

எண்ணியிருக்கிறார்கள்! தேடிப் படித்தபோது ஆச்சரியமாகிவிட்டது. லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் பஸ் ஊழியர்களை வைத்து ஆராய்ந்து, 1953ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அங்கே மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குவார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை. ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்கள். ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. வந்தால் கடுமையாகவும் வந்தது.

இன்னொன்று கேளுங்கள். 1956ல் அதே மாரிஸ் குழு, ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தது. அதே வயதுள்ள கண்டக்டர்களை விட டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு பெரிது. இதைப் படித்ததும் எங்கள் வீட்டுப் பரண்தான் ஞாபகம் வந்தது. இதில் ஒரு நேர்மையான விஷயமும் உண்டு. இளவயது டிரைவர்களிடமே அந்த வித்தியாசம் இருந்தது. அதனால் எல்லாப் புகழும் படிக்கட்டுக்கே என்று சொல்லிவிட முடியாது. பின்னால் வந்த எத்தனையோ ஆய்வுகள், உடம்பை அசைப்பது இதயத்துக்கு நல்லது என்பதை உறுதி செய்தன. மாரிஸ் 2009ல் தன் 99வது வயதில்தான் இறந்தார்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் லெவின் குழு 1999ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் உண்டு. 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகச் சாப்பாடு கொடுத்தார்கள். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு அரை கிலோ கூட இல்லை. இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். கொழுப்பு குறைவாக ஏறியவர்கள் யார் தெரியுமா? நிற்பது, நடப்பது, சும்மா இருக்காமல் எதையாவது செய்துகொண்டே இருப்பது, இதெல்லாம் தன்னாலேயே அதிகமானவர்கள். உடற்பயிற்சி கணக்கிலேயே இல்லை.

பதினோராம் வகுப்பில் நமக்கு சில்லறை ரொக்க ஏடு சொல்லிக் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? தபால் தலை, டீ, ஆட்டோ என்று சின்னச் செலவுகளுக்குத் தனி ஏடு. அந்த வயதில், இதுக்குப் போய் ஒரு ஏடா என்று தோன்றியது. இப்போது புரிகிறது. உடம்பு அசைவுக்காக எழுதுகிற கணக்கில் பெரும்பகுதி அந்த ஏட்டில்தான் இருக்கிறது. ஜிம் என்பது எப்போதாவது எழுதும் பெரிய செக். அப்பா 22 வருடம் சில்லறையாகவே செலவு செய்தவர். நாற்காலி கிடைத்த அன்றைக்கு அந்த ஏட்டை மூடிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை.

என் கதையும் அதேதான். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளில் தினமும் எட்டு கிலோமீட்டர் மிதித்தேன். கல்லூரி வந்ததும் ஸ்கூட்டர். கூடவே ஒன்பது கிலோ.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதோடு நாங்கள் செய்த மாற்றங்கள் இவ்வளவுதான்:

1. கடையில் பைப், ஆணி, பெயின்ட் என்று யார் எதைக் கேட்டாலும் பையனை அனுப்பாமல் அப்பாவே எழுந்து போய் எடுப்பார். குடோன் மாடியில் இருப்பது வசதியாகப் போயிற்று.

2. ஆறு டீ மூன்றானது, சர்க்கரை இல்லாமல். ஆறு டீக்கு 12 ஸ்பூன், கிட்டத்தட்ட 50 கிராம், 200 கலோரி. முதல் வாரம் அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

3. ராத்திரி சாப்பிட்டதும் டிவி முன்னால் உட்காராமல் இருபது நிமிடம் நடை. சாப்பிட்ட பிறகு கால் தசை வேலை செய்தால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அதுவே இழுத்துக்கொள்கிறது.

4. எனக்கு: கல்லூரிக்கு டவுன் பஸ். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடை. மூன்றாவது மாடி வகுப்புக்குப் படிக்கட்டு.

இதில் எதற்கும் பணம் இல்லை, நேரமும் பெரிதாக இல்லை. ஆனால் இதைச் செய்தால் எல்லோரும் ஒல்லியாகிவிடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் அம்மா விடிந்தது முதல் நிற்காமல் வேலை செய்கிறார். தைராய்டு இருக்கிறது, உடம்பு குறையவில்லை. சதையைப் பார்த்து ஒருத்தரைச் சோம்பேறி என்று சொல்வது தப்பு. அதை நான் அம்மாவிடம் ஒரு முறை சொல்லித் தொலைத்தேன். இன்னும் உறுத்துகிறது.

ஒரு வருடம் கழித்து அப்பாவின் எச்பிஏ1சி 7.1. எடை ஆறு கிலோ குறைந்தது. எனக்கு நாலு. அடுத்த போகிக்கு நான் கேட்காமலேயே பரணில் ஏறி அந்தக் காக்கி பேன்ட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். இன்னும் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. இந்த முறை அவர்தான் முதலில் சிரித்தார்.

ராத்திரி நடைக்குக் கிளம்பும்போது நான் செருப்புத் தேடிக்கொண்டு நின்றால், வாசலில் இருந்து ஒரு குரல் வரும்: "ஏறியாச்சா? போலாம் ரைட்!"

பி.கு.: அப்பா மாத்திரையை நிறுத்தவில்லை. டாக்டர் சொல்லாமல் நீங்களும் நிறுத்திவிடாதீர்கள்.