விரலுக்குப் பழகும் பேனல்

செஸ்னா 172 விமானத்தின் மாஸ்டர் சுவிட்ச் சிவப்பாக, நடுவில் பிளந்து இரண்டு பாதியாக இருக்கும். வலப்பாதி பேட்டரிக்கு, இடப்பாதி ஆல்டர்னேட்டருக்கு. பேட்டரியை மட்டும் தனியே போடலாம். ஆல்டர்னேட்டரைப் போட்டால் பேட்டரிப் பாதியும் கூடவே விழுந்துவிடும். கணினி சிமுலேட்டரின் திரையில் மவுஸால் சொடுக்கிக்கொண்டிருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. அதே சுவிட்சை வீட்டில் செய்ய உட்கார்ந்தபோதுதான் ஏன் இப்படி என்று தேடினேன். ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கவே அதன் காந்தச் சுருளுக்கு முதலில் பேட்டரியின் மின்சாரம் வேண்டும். விமானத்தின் மின்சார ஏற்பாட்டையே அந்த ஒரு சுவிட்ச் சொல்லித் தந்துவிட்டது.

கையில் கிடைத்ததை வைத்து காக்பிட் செய்யும் ஆசை பழையது. 1929-இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் ஊரில் எட்வின் லிங்க் ஒரு பறப்புப் பயிற்சிக் கருவி செய்தார். அவர் அப்பா பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையே மகன் எடுத்து ஒரு குட்டி விமானத்துக்கு அடியில் பொருத்தினார். ஸ்டிக்கை அசைத்தால் அது சாயும், நிமிரும். ஆரம்பத்தில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934-இல் தபால் சுமந்த ராணுவ விமானிகள் கெட்ட வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகே அமெரிக்க ராணுவம் ஆறு கருவிகளை வாங்கியது.

வீட்டிலேயே காக்பிட் பேனல் செய்யும் எங்களுக்கு இன்று வேலை சுலபம். டாகிள் சுவிட்ச், ரோட்டரி என்கோடர், எல்.இ.டி., அர்டுயினோ போர்டு எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கலாம். முகப்புக்கு வெள்ளை அக்ரிலிக் தகடு. அதன்மேல் பளபளப்பில்லாத சாம்பல் பெயின்ட் அடித்து, ஷீல்டும் பெயர்ப்பலகையும் செய்யும் கடையில் கொடுத்தால் எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் லேசரால் பெயின்டைச் சுரண்டித் தருவார்கள். பின்னால் விளக்கு வைத்தால் எழுத்துகள் ஒளிரும். சுவிட்சுகள் பெருகினால் எட்டுக்கு எட்டாகக் கோத்து, போர்டின் 16 பின்களிலேயே 64 சுவிட்சுகளை இணைக்கலாம். ஒவ்வொன்றோடும் ஒரு டையோடு கட்டாயம். இல்லாவிட்டால் தொடாத சுவிட்சும் போட்டதாகக் காட்டும்.

நிஜமான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பேனலில் லேண்டிங் லைட் சுவிட்ச் அணைந்திருக்கும். சிமுலேட்டரோ விளக்கு எரிகிற நிலையில் திறக்கும். 'நிலையை மாற்று' என்று மட்டும் போர்டு கட்டளை அனுப்பினால் கடைசிவரை இரண்டும் எதிரெதிராகவே ஓடும். மேலே தள்ளினால் 'போடு', கீழே இழுத்தால் 'அணை' என்று தனித்தனிக் கட்டளை கொடுக்க வேண்டும். மோபிஃபிளைட் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். கை சொல்வதும் கருவி காட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது காக்பிட்டின் முதல் ஒழுக்கம். அதில் சமரசம் கூடாது.

குமிழ்களின் வடிவத்திலும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பி-17 விமானிகள் சிலர் தரையிறங்கிய பிறகு இறக்கையின் ஃபிளாப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கினார்கள். இரண்டு சுவிட்சும் அருகருகே, ஒரே மாதிரி இருந்தன. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் ஒன்றுக்குச் சக்கர வடிவ முனையும் மற்றதற்கு ஆப்பு வடிவ முனையும் வைக்கச் சொன்னார். இன்றும் பெரிய பயணிகள் விமானங்களில் சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஆகவே அழகுக்காக எல்லா நெம்புகோலுக்கும் ஒரே குமிழ் மாட்டும் பேனல்களை என்னால் ஏற்க முடிவதில்லை. இருட்டில் தடவினாலும் எது எது என்று விரல் சொல்லியாக வேண்டும்.

தயார் பேனல்கள் விலைக்குக் கிடைக்கின்றன, பலவும் தரமானவை. அவற்றால் நன்றாகப் பறக்க முடியும். விமானம் ஏன் இப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது மட்டும் செய்து பார்த்தவர்களுக்கே விளங்குகிறது. உங்கள் வீட்டில் விமானப் பித்துள்ள பிள்ளை இருந்தால், வாங்கித் தருவதற்கு முன் ஒரு மாஸ்டர் சுவிட்சையும் பீக்கன், டாக்ஸி, லேண்டிங், நேவ், ஸ்ட்ரோப் விளக்குகளின் சுவிட்சுகளையும் ஓர் அட்டைப் பெட்டியில் பொருத்தித் தாருங்கள். ஒயரை அந்தப் பிள்ளையே இணைக்கட்டும்.