இரண்டாம் படலை

ஒரு வீட்டிற்கு இரண்டு படலைகள். இரண்டும் ஒரே ஒழுங்கையில் திறக்கின்றன. அவ்வொழுங்கையை வெள்ளம் மூடுமாயின் இரண்டாம் படலையால் யாது பயன்? பெருங்கணிப்பொறியொன்றிற்கு மாற்று வலையமைப்பு வழி அமைக்க முனைவோர் முதற்கண் எழுப்பவேண்டிய வினா இதுவே.

ஐ.பி.எம். நிறுவனம் 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் அறிமுகஞ் செய்த சிஸ்டம்/360இன் வழிவந்த பெருங்கணிப்பொறிகள் இன்றும் பல வங்கிகளின் கணக்குகளைத் தாங்கி நிற்கின்றன. இயந்திரம் ஓயாது இயங்கினும், அதனை எட்டும் பாதை அறுந்தால் பணம் பெற வந்து நிற்பவனுக்கு அது இறந்த இயந்திரமே. ஆதலின் ஓ.எஸ்.ஏ. எனப்படும் இணைப்பு அட்டைகள் இரண்டேனும் பொருத்தப்படுகின்றன. இரண்டும் ஒரே வலையமைப்பில் இருப்பின், ஒன்று பழுதுற அதன் முகவரியை மற்றையது ஏற்றுக்கொள்ளும். வெவ்வேறு வலையமைப்புக்களில் இருப்பின் அது இயலாது.

இதற்குக் கண்ட தீர்வு நுட்பமானது. 'விபா' எனும் மெய்நிகர் முகவரி எந்த அட்டைக்கும் உரியதன்று. அது இயந்திரத்திற்கே உரியது. அதனை அடையும் வழிகள், ஓ.எஸ்.பி.எஃப். எனும் நெறிமுறையின் வாயிலாக அயலிலுள்ள வழிச்செலுத்திகளுக்கு அறிவிக்கப்படுகின்றன. வழமையான அமைப்பில் அவை 10 விநாடிக்கொருமுறை ஒன்றையொன்று நலம் விசாரிக்கும். 40 விநாடிகள் மறுமொழி வராதாயின் அவ்வழி கைவிடப்பட்டு மற்றைய வழி மேற்கொள்ளப்படும்.

எனினும், இரு அட்டைகளின் கம்பிகளும் ஒரே சுவிச்சிற் சென்று முடியுமாயின், ஒழுங்கை ஒன்றே. அதனினும் நுண்ணிய ஆபத்து ஒன்றுண்டு. மாற்றுவழி செவ்வனே இயங்குவதால், முதல்வழி அறுந்ததை எவரும் உணரார். அறுந்த வழி பல நாள் அறுந்தபடியே கிடக்க, எஞ்சிய ஒன்றையே இரண்டென எண்ணி யாவரும் அமைதி கொள்வர். மற்றையதும் அறும் நாளிலேதான் உண்மை வெளிப்படும்.

எனவேதான் பொறுப்புணர்ந்த பொறியியலாளன், ஆரவாரம் அடங்கிய இரவொன்றிலே, நன்கு இயங்கும் முதற்கம்பியைத் தன் கையாலேயே கழற்றிப் பார்க்கின்றான். அக்கணத்தில் அவன் கை நடுங்குமாயின், தான் அமைத்த இரண்டாம் வழியை அவன் இன்னும் நம்பவில்லை என்பதே பொருள். நம்பாத வழியை அவன் பிறர்க்கு எவ்வாறு உறுதி கூறுவான்?