எட்டாம் தளம், நடுப்பகுதி

பிப்ரவரி 9, ஞாயிறு

மே மாதம் சிங்கப்பூரில் கப்பலேறிப் பினாங்கு வரை போய்வருவதென்று முடிவாகிவிட்டது. இவர், நான், ஒன்பதாவது படிக்கும் மகள், ஒன்றாவது படிக்கும் மகன், முழங்கால் வலியோடு அத்தை. எந்த ஊர், எந்தத் தேதி என்பதிலெல்லாம் வீட்டில் சண்டை வரவில்லை. எந்த கேபின் என்றதும் வந்துவிட்டது.

இவருக்குப் பால்கனி வேண்டும். மகளுக்கும் பால்கனிதான், படம் எடுப்பதற்கு. மகனுக்கு நீச்சல் குளத்துக்கு நேர் கீழே. அத்தையைக் கேட்டால், "எனக்கென்னம்மா, கால நீட்டிப் படுக்க ஒரு எடம் இருந்தாச் சரி" என்கிறார். டிராவல்ஸில் இருக்கும் பையன் தளங்களின் வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "எல்லாம் ஒரே கப்பல்தானே மேடம்" என்றான். முந்நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல். ஒரு கோடியில் கேபின், மறு கோடியில் சாப்பாட்டுக்கூடம் என்று அமைந்தால் அத்தை ஒவ்வொரு வேளையும் ஒரு தெருவை நடந்து கடக்க வேண்டும்.

வகைகள் புரிவது எளிது. ஜன்னலே இல்லாத உள் கேபின், திறக்க முடியாத ஜன்னல் வைத்தது, பால்கனி வைத்தது, அதற்கும் மேலே சூட். பால்கனி என்பது ஏதோ கப்பலோடு கூடப் பிறந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. 1984இல் வந்த ராயல் பிரின்சஸ் கப்பலில்தான் எல்லாக் கேபின்களையும் கடல் பார்த்து வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பால்கனிகள் பெருகின. அதுவரை காசுள்ளவர்களிலும் பெரும்பாலோர் கண்ணாடி வழியாகத்தான் கடலைப் பார்த்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 12, புதன்

திருச்சியிலிருந்து அப்பா பேசினார். டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நடுவுல எடும்மா. ஸ்லீப்பர்ல 33லேர்ந்து 40 வரைக்கும் ஏன் கேட்டு வாங்கறாங்க? சக்கரம் ரெண்டு கோடியிலயும் இருக்கு, கக்கூஸ் ரெண்டு கோடியிலயும் இருக்கு. நடுவுல ஆட்டமும் கம்மி, நாத்தமும் கம்மி."

கப்பலில் ஏறியே இராதவர் சொன்னாலும் கணக்குச் சரிதான். அலை முன்பகுதியைத் தூக்கும்போது பின்பகுதி தாழ்கிறது. பிறகு மாறி நடக்கிறது. இரண்டு கோடிகளும் ஏறி இறங்க, நடுப்பகுதி அதிகம் அசைவதில்லை. பக்கவாட்டில் சாயும்போது நீர்மட்டத்தை ஒட்டிய தளங்கள் கொஞ்சமாகத்தான் நகரும், உச்சித் தளங்கள் நிறைய வீசும். ஆகவே ஆட்டம் மிகக் குறைந்த இடம் நடுவிலும் கீழேயும். பெரிய கப்பல்களுக்கு நீருக்கடியில் இருபுறமும் துடுப்பு போன்ற நிலைநிறுத்திகள் உண்டு. அவை பக்கவாட்டுச் சாய்வைத்தான் அடக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது.

வேடிக்கை என்னவென்றால், விலை இதற்கு நேர் எதிராகப் போகிறது. மேலே போகப் போக விலை கூடுகிறது. அதிக ஆட்டத்துக்கு அதிகக் காசு.

பிப்ரவரி 16, ஞாயிறு

வரைபடங்களை அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினோம். மகள் வண்ணப் பென்சிலோடு உட்கார்ந்தாள். கேபின் இருக்கும் தளத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். இன்று மதியம் முழுக்க அதுதான் வேலை.

மகன் கேட்ட இடம் முதலில் அடிபட்டது. நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே இருந்தால், விடியும் முன்பே பணியாளர்கள் சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். பஃபேக்குக் கீழேயும் அதே கதை: தள்ளுவண்டி, நாற்காலி, தட்டு. நாடக அரங்குக்கும் நடனக் கூடத்துக்கும் மேலே இருந்தால் நள்ளிரவு தாண்டியும் தரை வழியாக அதிர்வு வரும். முன்பகுதியின் கீழ்த் தளங்களில் நங்கூரச் சங்கிலியின் ஓசை. துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்துவிசைக் கருவிகளும் அங்கேதான், கரை சேரும் அதிகாலைகளில் எழுப்பிவிடும். பின்பகுதியின் கீழே இயந்திர அதிர்வு.

மகள் ஒன்று கண்டுபிடித்தாள். வரைபடத்தில் சில இடங்கள் பெயரே இல்லாமல் வெறுமையாக இருந்தன. கப்பலில் காலி இடம் என்று ஒன்று கிடையாது. அவை பணியாளர் படிக்கட்டு, துணி அறை, பண்டம் வைக்கும் அறை என்று ஏதாவதாக இருக்கும். இரவெல்லாம் கதவு திறந்து மூடும். அவற்றை ஒட்டிய கேபின்களைச் சிவப்பில் அடித்தாள்.

எஞ்சியது மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கும் தளங்கள். மேலே தூங்குகிறவர்கள், கீழே தூங்குகிறவர்கள், நடுவில் நாம். எட்டாம் தளம், ஒன்பதாம் தளம், பத்தாம் தளம். கீழே போகப் போக ஆட்டம் குறைவு என்பதால் எட்டைச் சுற்றி வட்டமிட்டோம்.

பிப்ரவரி 19, புதன்

அத்தை இன்று தானாக மேஜைக்கு வந்து படங்களைப் பார்த்தார். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ராஜுலா ஏறிப் பினாங்கு போனவர். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய நீராவிக் கப்பல். கேபினில் போனவர்கள் சிலர். பெரும்பாலோர் டெக் பயணிகள். அவர்களுக்குக் கட்டிலும் இல்லை, எண்ணும் இல்லை. விரித்த பாய்தான் இடம்.

"ஏறின ஒடனே ஓடுவாங்களாம்" என்றார் அத்தை. "பொகக்கூண்டுப் பக்கம் போட்டா சூடு தாங்காது. சமயக்கட்டுப் பக்கம் போட்டா எண்ணெ நாத்தத்துலயே கொமட்டும். ஓரமாப் போட்டா சாரல். எங்கப்பா நடுவாப் பாத்து, டிரங்குப் பெட்டியத் தலமாட்டுல வச்சு, பாயப் போட்டுட்டு எந்திரிக்கவே மாட்டாராம். எந்திரிச்சா இன்னொருத்தன் கால நீட்டிருவான்."

ராஜுலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் அந்த வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் பெருந்தீப் பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. பினாங்கு என்ற பெயரைச் சொல்லும்போது அத்தையின் குரலில் இருக்கும் கனம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. நாங்கள் உல்லாசமாகப் போகும் ஊருக்கு அவர் அப்பா பிழைக்கப் போனார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பால்கனிப் பஞ்சாயத்து இன்று முடிந்தது.

சென்னையிலிருந்தே போகலாமே என்றும் முதலில் யோசித்தோம். 2022 ஜூனில் கார்டீலியா எம்ப்ரஸ் இங்கிருந்து கிளம்பியது. 2023இல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போனது. 1990இல் பிரான்சில் கட்டிய கப்பல், அந்தக் காலத்து வழக்கப்படி பால்கனிகள் குறைவு. அப்படியொரு கப்பலில், வங்காள விரிகுடாவில், ஐப்பசி கார்த்திகையில் போவதாக இருந்தால் நடுப்பகுதியைத் தவிர வேறெதையும் நான் நினைத்தே பார்க்கமாட்டேன். மலாக்கா நீரிணை அப்படியல்ல. ஒருபுறம் மலேசியா, மறுபுறம் சுமத்ரா. நடுவில் ஒதுங்கிய கடல். மே மாதத்தில் அதிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் ஒரு வீச்சு வீசிவிட்டுப் போகும், அவ்வளவுதான். ஆகவே வாந்திக்குப் பயந்து இடம் தேட வேண்டியதில்லை. தூக்கத்துக்கும் நடைக்கும்தான் தேட வேண்டும்.

இவர் விடவில்லை. "சூரிய அஸ்தமனம் பால்கனியிலேர்ந்து பாக்கணும், எந்தப் பக்கம்னு பாரு" என்றார். பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து வடமேற்காகப் போகும்போது மலேசியக் கரை வலப்பக்கம், அந்திச் சூரியன் இடப்பக்கம். திரும்பி வரும்போது கரை இடப்பக்கம், சூரியன் வலப்பக்கம். போன வழியே திரும்பும் பயணத்தில் எந்தப் பக்கம் எடுத்தாலும் இரண்டும் கிடைத்துவிடும். பக்கம் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் ஒரு வழியாக மட்டும் போகிறவர்கள்.

என் ஆட்சேபம் வேறு. ஆறு வயதுப் பையன். அமெரிக்காவில் 2010இல் வந்த சட்டம், அந்நாட்டுத் துறைமுகங்களில் ஆளேற்றும் கப்பல்களில் தடுப்புக் கம்பி 42 அங்குலமாவது இருக்க வேண்டும் என்கிறது. நல்ல உயரம்தான். பால்கனியில் கிடக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறும் பிள்ளைக்கு 42 அங்குலம் எம்மாத்திரம்? இரவெல்லாம் கதவின் தாழ்ப்பாளை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க நான் விடுமுறை எடுக்கவில்லை. தம்பதியாக மட்டும் போகிறவர்கள் தாராளமாக எடுக்கட்டும்.

மலிவாக இன்னொன்றும் இருந்தது. வகையை மட்டும் நாம் சொல்ல வேண்டும். கேபின் எண்ணைக் கடைசி நேரத்தில் கப்பல்காரர்களே ஒதுக்குவார்கள். தனி ஆளுக்கு அது நல்ல பேரம். எங்களுக்கு இரண்டு கேபின் வேண்டும். ஒன்று ஐந்தாம் தளத்திலும் மற்றொன்று பன்னிரண்டிலும் விழுந்தால் அத்தையை யார் பார்ப்பது?

நடுவில் கதவு வைத்த இணைப்புக் கேபின்கள் எட்டாம் தளத்தில் தீர்ந்துவிட்டிருந்தன. கொஞ்சம் யோசித்தபோது அதுவும் நல்லதாகப் பட்டது, அந்த இடைக்கதவு வழியாகச் சத்தம் கசியும். கடைசியில் எடுத்தது இது: அத்தைக்கும் மகளுக்கும் ஜன்னல் கேபின், நடைவழிக்கு நேர் எதிரே எங்கள் மூவருக்கும் உள் கேபின். லிஃப்டிலிருந்து ஏழெட்டுக் கதவு தள்ளி. லிஃப்டுக்கு எதிரிலேயே என்றால் இரவெல்லாம் பேச்சுச் சத்தம். தூரமென்றால் அத்தைக்கு நடை. ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கி மறைக்கவில்லை என்பதையும் வரைபடக் குறியில் பார்த்துக்கொண்டோம். மறைக்கும் ஜன்னல்கள் விலை குறைவு. படகைப் பார்த்துப் படுத்தாலும் சரி என்பவர்களுக்கு.

மே 11, ஞாயிறு

ஏறியாயிற்று. மரினா பே முனையத்தில் வரிசை நீளம். அத்தைக்குச் சக்கர நாற்காலி கேட்டதும் கிடைத்தது. கிளம்பும் முன்பே பாதுகாப்புப் பயிற்சி. 2012இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பலருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிய வேண்டும் என்று விதி வந்தது. கேபினிலிருந்து கூடுமிடத்துக்கு அத்தையைப் படிக்கட்டு வழியாக மெல்ல நடத்திக் கூட்டிப்போய்ப் பார்த்தோம். ஆபத்தில் லிஃப்டை நம்ப முடியாது. முடிந்தது, மூச்சு வாங்கினாலும். பன்னிரண்டாம் தளமாக இருந்தால் முடிந்திருக்காது.

உள் கேபினில் விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியவில்லை. மகன் அலறினான். தொலைக்காட்சியில் கப்பலின் முன்புறக் காமிராவைக் காட்டும் அலைவரிசை இருந்தது. சத்தத்தைக் குறைத்து அதை ஓடவிட்டதும் அடங்கினான்.

மே 13, செவ்வாய்

பினாங்கு. ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் நின்றதும் எல்லா லிஃப்டுகளிலும் கூட்டம். இறங்கும் வழி கீழ்த் தளத்தில். நாங்கள் மூவரும் படியில் இறங்க, இவர் மட்டும் அத்தையோடு லிஃப்டுக்கு நின்றார். அவர்கள் வரும்வரை கீழே நெடுநேரம் காத்திருந்தோம்.

லிட்டில் இந்தியா நடை தூரம்தான். 1833இல் எழுந்த குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலில் அத்தை வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்பா பெயருக்கு அர்ச்சனை. வெயில் கொளுத்தியது. மகன் செண்டோல் இரண்டு கிண்ணம்.

மே 14, புதன்

முழு நாளும் கடலில். காலையில் பஃபேயில் பக்கத்து மேஜையில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று. பதினைந்தாம் தளத்தில் பால்கனி எடுத்திருக்கிறார்கள். "வியூ பிரமாதமுங்க, ஆனா அஞ்சு மணிக்கெல்லாம் மேல நாற்காலிய இழுக்கறாங்க" என்றார் அந்த அம்மா. எங்கள் தளத்தில் கேட்டதெல்லாம் பக்கத்துக் கேபின்காரர் நடைவழிக் கதவைச் சாத்தும் சத்தம்தான்.

இவர் மாலையில் திறந்த மேல்தளத்துக்குப் போய் அஸ்தமனம் பார்த்துவிட்டு வந்தார். கட்டணம் இல்லை, பால்கனியைவிட அகலம். மகள் ஜன்னலோரமே கதி. பால்கனிக்குக் கேட்ட கூடுதல் பணம் பினாங்கில் சாப்பாட்டுக்கும் துணிக்கும் போய், இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது.

முதல் முறை குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சொல்வேன்: வகைக்குக் கொடுக்கும் காசை இடத்துக்குக் கொடுங்கள். நடுப்பகுதி, மேலும் கீழும் கேபின்கள், லிஃப்ட் கூப்பிடு தூரத்தில். கூட வயதானவரோ சிறு பிள்ளையோ இருந்தால், கேபின் எண்ணைப் பிறகு தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எண்ணை வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.